ஓர் ஆள் அகலத் தொகுதி

அந்த வசந்த காலத்தில் எங்கள் தொகுதியை ஓர் ஆள் அகலத்துக்குக் குறுக்கினார்கள். நீளத்தில் கைவைக்கவில்லை; சொல்லப்போனால் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். தெற்கே ஒரு சோளக்காட்டில் தொடங்கி, வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் கலங்கரை விளக்கம் வரை தொகுதி போயிற்று. நடுவில் எங்கள் ஊர் ஹாலோ பெண்ட், அதில் எங்கள் தெரு, தெருவில் எங்கள் வீடு. முன்வாசல் வழியாக நுழைந்த தொகுதி கூடத்தைக் கடந்து, கட்டிலில் என் மனைவி ஹெப்சிபா படுக்கும் பக்கமாகப் போய், ஜன்னலேறி வெளியேறியது. கட்டிலில் நான் படுக்கும் பக்கம் அடுத்த தொகுதி.

யாருக்கும் வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்கு முன் மற்றக் கட்சி மாநிலத்தை ஆண்டபோது எங்கள் தொகுதி உளுந்த வடைபோல வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருந்தது. ஓட்டைக்குள் குடியிருந்தவர்கள் எந்தத் தொகுதியிலும் சேர்த்தியில்லை. தேர்தலன்று அவர்கள் மீன் பிடிக்கப் போவார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கையில் பென்சிலோடுதான் வரும். ஊருக்கு அது பழகியிருந்தது.

என் தொகுதி மிகவும் அகலமானது. எங்கள் வீட்டுச் சமையலறை, நான் வேலை பார்த்த பாலாடைக்கட்டி ஆலை, இரண்டு காடுகள், ஒரு விமான நிலையம் எல்லாம் அதில் இருந்தன. அங்கே நின்றவர் ஒரே வேட்பாளர். அவர் நேரில் வந்து கைகுலுக்கி, என் ஓட்டு தேவைப்படாது, அன்றைக்கு நன்றாக ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெப்சிபாவின் நிலைமை வேறு. அவள் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் அரசியல் பேசிப் பேசி, பதில் சொல்லப்படாத கருத்துகள் அவளிடம் நிறைய சேர்ந்திருந்தன. அந்த வருஷம்தான் அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதுவே முதல் ஓட்டு. அதற்கென்று ஒரு சுங்குடிச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

அவள் தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். ஆளுங்கட்சி வேட்பாளரின் முழக்கம், ‘ஒருவர் பின் ஒருவர்.’ எதிர்த்து நின்றவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் லொரெய்ன் பிக்கெட். ஜெயித்தால் தொகுதியை இரண்டு ஆள் அகலமாக்குவேன் என்பது அவருடைய வாக்குறுதி. வேறெதையும் அவர் சொல்லவில்லை.

“போதும்,” என்றாள் ஹெப்சிபா. “ரெண்டு ஆள் அகலம் இருந்தா நீங்களும் இந்தப் பக்கம் வந்துருவிய.”

கோடைக்காலத்தில் புதிய விதிகள் வந்தன. தேர்தலுக்கு முந்தைய மாதம் தொகுதியை விட்டு ஓரடி வெளியே வைத்தாலும் ஓட்டுரிமை போய்விடும் என்பது ஒன்று. தொகுதி முழுமைக்கும் ஒரே வாக்குச்சாவடி, அதுவும் கலங்கரை விளக்கத்தில் என்பது இன்னொன்று. கடைசியாக, சாவடி ஒரு நாள், காலையிலிருந்து மதியம் வரை மட்டும் திறந்திருக்கும் என்றார்கள்.

அக்டோபரில் எல்லோரும் தொகுதிக்குள் போய் நின்றுகொண்டார்கள். ஹெப்சிபா பல் பார்க்கும் நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தாள். அடுப்பு என் தொகுதியில் இருந்ததால் நான் சமைத்து, கோட்டுக்கு மேலாகத் தட்டை நீட்டினேன். இரவு ஒரே கட்டிலில் படுத்தோம். நடுவில் கோடு இருந்தது.

அவளுக்கு முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு வால்ட் கிரப்னர். டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர், ஆளுங்கட்சிக்காரர். லொரெய்னின் பஸ் அவருடைய தபால்பெட்டியை இரண்டு தடவை இடித்துத் தள்ளியிருந்தது. ஹெப்சிபாவுக்குப் பின்னால் நின்றவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டொலோரஸ். வால்டுக்கு முன்னால் யாரோ, அவருக்கு முன்னால் யாரோ என்று கலங்கரை விளக்கம் வரை ஆட்கள். ஒருவரைத் தாண்டி ஒருவர் போக அகலம் இல்லை. சாவடி திறக்கும் அரை நாளில் விளக்கையொட்டிய விடுமுறை பங்களாக்காரர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். அவர்கள் எல்லோரும் ஆளுங்கட்சி.

“உங்கள் ஆள் நன்றாக யோசித்திருக்கிறார்,” என்றாள் ஹெப்சிபா, வால்டின் முதுகைப் பார்த்து.

“ஆமாம்,” என்றார் வால்ட். “ஆனால் எனக்கும்தான் ஓட்டுப் போட முடியாது. அதை அவர் யோசிக்கவில்லை.”

தேர்தலுக்குச் சில நாள் இருந்தபோது ஹெப்சிபா டொலோரஸுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கருவியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, அந்த போனை இங்க தாங்க.”

போன் என் தொகுதியில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

“சாவடியை மூடுகிற நேரத்தில் வரிசையில் நிற்பவர்களை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாள்.

“ஒன்றும் செய்ய மாட்டோம்,” என்றார் அதிகாரி. “மூடும் நேரத்தில் வரிசையில் இருப்பவர் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார். எத்தனை நாள் ஆனாலும் சரி. அது பழைய விதி. அதை மாற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.”

“வரிசை என்றால் என்ன?”

“ஒருவர் பின் ஒருவராக நிற்பது.”

ஹெப்சிபா முன்னால் பார்த்தாள். வால்டின் முதுகு. பின்னால் பார்த்தாள். டொலோரஸ் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாசற்படியில் ஒருவர், புல்வெளியில் ஒருவர், சாலையில் ஒருவர்.

“ஏங்க,” என்றாள் என்னிடம். “நாங்க வரிசையிலதானங்க நிக்கோம்.”

பிறகு அதையே அதிகாரியிடமும் சொன்னாள்.

“எப்போதிலிருந்து?” என்று கேட்டார் அவர்.

“வசந்த காலத்திலிருந்து. உங்கள் வரைபடமே அப்படித்தான்.”

எதிர்முனையில் வரைபடத்தை விரிக்கும் ஓசை கேட்டது. “ஆமாம்,” என்றார் அதிகாரி. “இவ்வளவு நேர்த்தியான வரிசையை நான் பார்த்ததில்லை. அதைக் கலைக்க எனக்கு அதிகாரமில்லை. வாழ்த்துகள்.”

செய்தி வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு என்று இரண்டு திசையிலும் போயிற்று. சாயங்காலத்துக்குள் சோளக்காட்டைத் தொட்டது. அங்கிருந்து கிளம்பிய கைதட்டல் எங்கள் கூடத்தைக் கடந்து வடக்கே போவதைக் கேட்டுக்கொண்டே நான் தோசை வார்த்தேன். அது கடந்துபோக வெகுநேரம் ஆயிற்று.

தேர்தலன்று காலை வரிசை நகர ஆரம்பித்தது. ஹெப்சிபா சேலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலேறி இறங்கினாள். நான் ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே அவள் கூடவே நடந்தேன். எங்கும் என் தொகுதிதான். வரிசை எந்த வீட்டுக்குள் நுழைந்ததோ அந்த வீட்டு அடுப்பில் இருந்ததைச் சாப்பிட்டது. பொழுது சாய்ந்தபோது எட்டிய கட்டிலில் தூங்கியது. தங்கள் வீட்டைவிட்டு முன்னால் போனவர்கள், பின்னால் வருகிறவர்களுக்காகப் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணமானதிலிருந்து நானும் ஹெப்சிபாவும் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்ததில்லை.

தேர்தலன்று மதியம் சாவடியின் கதவை மூட வந்தவர், வரிசையைப் பார்த்துவிட்டுக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்தாராம்.

தலைநகரில் சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டினார்கள். வரிசையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தொகுதியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அன்று எங்கள் காலடியில் புதுத்துணி கிழிவதுபோல ஓர் ஓசை கேட்டது. கோடு நகர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் கோட்டோடு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தார்கள். அது மேட்டில் ஏறியது, ஏறினார்கள். சரிவில் இறங்கியது, இறங்கினார்கள். கடைசியில் அது ஆற்றுக்குள் போய், நீரோட்டத்தின் நடுவிலேயே வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டது.

இரண்டு கரையும் என் தொகுதி. நான் கரையில் நின்றேன். ஹெப்சிபா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நவம்பர் மாதத்துத் தண்ணீர். அவளுடைய உதடு நீலமாகிவிட்டது.

அவள் கரையேறினால் போதும் என்றிருந்தது எனக்கு. “வால்ட்,” என்று கத்தினேன். “நீங்கள் கரையேறிவிடலாமே. வரிசை அறுந்தால் ஜெயிக்கப்போவது உங்கள் கட்சிதானே.”

வரிசை முழுதும் அவரைப் பார்த்தது. அவர் ஓரடி எடுத்து வைத்தால் போதும். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் சாவடியோடு ஒட்டாத வெறும் கூட்டம் ஆகிவிடுவார்கள்.

“என் ஓட்டு என் ஆளுக்குத்தான்,” என்றார் வால்ட். பல் தந்தியடித்தது. “அந்தப் பஸ்காரிக்குச் சாகும்வரை போட மாட்டேன். ஆனால் நான் வரிசையில் நிற்கிறேன். வரிசையில் நிற்பவனைத் தண்ணீரைக் காட்டி விரட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது.”

அப்போது ஹெப்சிபாவின் கால் பாசியில் வழுக்கியது. நான் கையை நீட்டினேன், எட்டவில்லை. வால்ட் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை டொலோரஸுக்குக் கொடுத்தாள். ஒவ்வொருவரும் அப்படியே கோத்துக்கொண்டார்கள். டொலோரஸ் தண்ணீரில் நின்றபடி ஒரு பாட்டைத் தொடங்கினார். ஆறு முழுவதும் பாடியது. ஆற்றில் அன்று வேகம் குறைந்திருந்தது என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

அதன் பிறகு கோட்டை அவர்கள் சதுப்பு நிலத்தில் வளைத்தார்கள், குப்பைமேட்டில் சுற்றினார்கள், மாட்டுச் சந்தைக்கு நடுவில் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வரிசை கூடவே போயிற்று. வரைபடத்தில் வெற்றிடம் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வளைப்பதற்கு மிஞ்சியது தலைநகரம் மட்டுமே. கோடு சட்டமன்றத்தின் முன்வாசலில் நுழைந்து, அவைக்கு நடுவாக, சபாநாயகரின் நாற்காலி வழியாகப் பின்வாசலுக்குப் போயிற்று.

நாங்கள் உள்ளே போனபோது அவை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பேருக்கு மேல் நின்றால் அது வரிசை ஆகாது என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். சபாநாயகர் அதை ஓட்டுக்கு விட வாயைத் திறந்தார். அதற்குள் ஒருவர், “மன்னிக்கணும், கொஞ்சம் வழி,” என்றார். ஓட்டுப் போடப் போகிறவரை மறிப்பது குற்றம். சபாநாயகர் எழுந்து வழிவிட்டு, உட்கார்ந்து, மறுபடி வாயைத் திறந்தார். “மன்னிக்கணும்,” என்றார் அடுத்தவர். வரிசையின் முதல் ஆள் வந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது என்று பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

ஹெப்சிபாவின் முறை வந்தது. அவள் சபாநாயகரின் முன் நின்று, திறந்திருந்த வாயை உற்றுப் பார்த்தாள்.

“வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்,” என்றாள். “தள்ளிப்போடாதீர்கள்.”

சபாநாயகர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஆளுங்கட்சி வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார். எதிர்க்கட்சியும் தட்டியது. தீர்மானம் அப்படியே கிடந்தது.

கலங்கரை விளக்கத்துக்குள் சுழல்படி. அதுவும் ஓர் ஆள் அகலம்தான். வால்ட் ஏறினார். பிறகு ஹெப்சிபா ஏறினாள். ஆற்றுச்சேறும் சந்தைப் புழுதியும் ஏறிய சேலை. முந்தானையை மட்டும் உதறிச் சரிசெய்துகொண்டாள். நான் கீழே ஏரிக்கரையில் நின்றேன். உச்சி ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. வெகுநேரம் அசையாமல் நின்றாள். இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் அப்படி இல்லை.

“போட்டாச்சு,” என்றாள்.

அவளுக்குப் பின்னால் டொலோரஸ், அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக, சோளக்காட்டின் கடைசி ஆள் வரை போட்டார்கள். போட்டவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கரையிலேயே கூடாரமடித்து, வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். கடைசி ஆள் இறங்கி வந்தபோது அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றினார்கள். எண்ணி முடித்ததும் பட்டப்பகலில் விளக்கை ஏற்றினார்கள். லொரெய்ன் பிக்கெட் ஜெயித்திருந்தார்.

அவர் பதவியேற்று முதல் காரியமாகக் கோட்டை நகர்த்தினார். அதே துணி கிழியும் ஓசை. கோடு என் இடது செருப்பைத் தாண்டியது, வலது செருப்பைத் தாண்டியது, நின்றது. ஹெப்சிபா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நடுவில் ஒன்றுமில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இடிக்குது,” என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

வால்ட் இரண்டு முழங்கைகளையும் அகல விரித்துப் பார்த்தார். “தோற்றுவிட்டேன்,” என்றார். “ஆனால் காற்று நன்றாக வருகிறது.” அப்புறம் டொலோரஸைத் தன் பக்கத்தில் வந்து நடக்கும்படி அழைத்தார். மொத்தத் தொகுதியும் இரண்டிரண்டு பேராக, பாடிக்கொண்டே தெற்கே திரும்பியது. வழியில் இருந்த ஊர்களில் மணியடித்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் அதே தேர்தலில் பனிக்காலமும் வேட்பாளராக நின்றிருந்தது. அதுவும் சொற்ப வித்தியாசத்தில் தோற்றது. தோல்வியை ஒப்புக்கொண்டு, ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, வடக்கே போய்விட்டது. டிசம்பரில் ஹெப்சிபா தோட்டத்தில் பாய் விரித்து வத்தல் காயப்போட்டாள். வால்ட் வேலிக்கு அப்பாலிருந்து காக்கை விரட்டினார்.