இருக்க ஏலாத நாட்கள்

சாய்ந்தமருதில் நஸ்லினின் மதினி சுபைறாவின் மகளுக்குக் கலியாணம். ஐந்து பேருக்கு ஒரு பெரிய சஹன் தட்டு என்று சோறு வைத்திருந்தார்கள். நான்கு பெண்கள் பாயில் சம்மணமிட்டு இருந்துவிட்டார்கள். ஐந்தாவது இடம் நஸ்லினுக்கு. அவள் முழங்காலை மடக்கிப் பாதிவரை இறங்கினாள். இடது பின்பக்கத்திலிருந்து தொடை வழியாக நெருப்புக் கம்பி ஒன்று ஓடியது. சுவரைப் பிடித்து எழுந்துகொண்டாள்.

"வயித்துக்குச் சரியில்ல மதினி. நீங்க தின்னுங்க."

சுபைறா அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "ஒரு மாசமாத் தொழுகையும் கதிரை நுனியில குந்தித்தான். முதுகு நோவெண்டா மருந்து எடுக்கத்தானே வேணும் புள்ள" என்றாள். நஸ்லின் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

முதுகு நோவு என்பது அவளே கட்டிய கதை. கணவன் றிஸ்மியும் அதைத்தான் நம்பியிருந்தான். டோஹாவில் நான்கு வருடம் அழகு நிலையத்தில் நின்றே வேலை செய்தவளுக்கு முதுகு நோகாமல் என்ன செய்யும் என்று எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தான். கடற்கரையில் படகு இயந்திரம் திருத்துபவன் அவன். எதையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், நாளைக்கே எலும்பு டொக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுப்போம் என்றான்.

இனி மறைக்க வழியில்லை என்று நஸ்லினுக்குத் தெரிந்தது.

"முள்ளந்தண்டு இல்ல" என்றாள். "டோஹாவுல ஊசி அடிச்சன். பின்பக்கம் பெருக்கிறதுக்கு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் திரும்பச் சொன்னாள். கூட வேலை செய்தவர்கள் இருந்த அறைக்கு ஒரு பெண் வருவாள். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பெரிய ஊசியால் இரண்டு பக்கமும் ஏற்றுவாள். மூன்று முறை. ஜெல் என்றாள், அரைமணி நேரம்தான் என்றாள். ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் குளிக்கும்போது, தோலுக்கடியில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று கையில் பட்டது. இப்போது நிறையக் கட்டிகள். தோல் கறுத்து, தொட்டால் சுடுகிறது.

றிஸ்மி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எனக்காகவா செஞ்ச?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் இளகியிருப்பான், ஒருவேளை அழுதுமிருப்பான். அவளுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"இல்ல. எனக்குத்தான். கண்ணாடியில என்னைப் பாக்க ஆசையா இருந்திச்சி."

அந்த ஆசை எவ்வளவு காலத்தது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் பலகை என்று கூப்பிட்டதிலிருந்து தொடங்கியது அது. ஊசி போட்ட அடுத்த மாதம், மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, அறைக் கதவைப் பூட்டிவிட்டு ஒரு நீல உடுப்பைப் போட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்த காலை நேரம் அவளுக்கு மட்டுமே சொந்தமானது. இவ்வளவு நோவுக்குப் பிறகும் அந்தக் காலையைப் பொய் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

றிஸ்மி இரண்டு நாள் விடியுமுன் கடற்கரைக்குப் போய் இருட்டிய பிறகே வந்தான். மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகாமல் வந்து பக்கத்தில் நின்றான்.

"ஊசியில என்ன மருந்து இருந்திச்செண்டு தெரியுமா?"

"தெரியா."

"கேக்கல்லியா?"

"கேக்கல்ல."

"சரி. கொழும்புக்குப் போவம்."

கொழும்பில் அவர்கள் பார்த்த டொக்டர் ஜெப்றி மட்டக்களப்புக்காரர். ஆண் டொக்டர் என்று நஸ்லின் தயங்கினாள். தாதி கூடவே நின்று, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்றதைத் துணியால் மூடினாள். முதலில் சூட்டைத் தணிக்க மாத்திரை, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனபோது டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கறுப்புச் சதைக்குள் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"இது ஒரு இடத்தில நிக்கிற சாமான் இல்ல. சதைக்குள்ள ஊறிப் போயிருக்கு. தொடைக்கும் இறங்கியிருக்கு."

"முழுசா எடுத்துடலாந்தானே டொக்டர்?" என்றான் றிஸ்மி.

"ஏலாது. முழுசா எடுக்கப் போனா நல்ல சதையும் போகும், காலுக்குப் போற நரம்பும் பக்கத்தில இருக்கு. ஒரே தரத்தில உறிஞ்சி எடுத்துத் தாறன் எண்டு ஆரும் சொன்னா அங்க போயிடாதீங்க. கெட்டியான கட்டிகளைத்தான் நான் வெட்டி எடுப்பன். தழும்பு இருக்கும், பள்ளம் விழும். ஆறு மாசம் கழிச்சு இன்னொருக்காவும் தேவைப்படலாம்."

பிறகு அவர் றிஸ்மியை விட்டு அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இந்த ஒப்பரேசனால உங்களுக்கு என்ன வேணும்?"

ஊசி போட வந்தவள் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. பழையபடி ஆக வேண்டும் என்று சொல்லத்தான் அவள் கொழும்புக்கு வந்திருந்தாள். பழையது எது என்று யோசித்தாள்.

"பாயில இருக்க ஏலுமெண்டாப் போதும்" என்றாள்.

ஒப்பரேசன் நாலரை மணி நேரம். இடதுபக்கம் பெரும்பாலும் எடுத்தாயிற்று, வலதுபக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். காயத்தில் செருகிய குழாய் வழியாக ஒன்பது நாள் நீர் வடிந்தது. தாதி காயத்துக்கு மருந்து மாற்றும்போது, பார்க்க வேண்டும் என்று நஸ்லின் கேட்டாள். றிஸ்மி தொலைபேசியில் படம் எடுத்தான். அவன் முகம் மாறுகிறதா என்று அவள் முதலில் அதைத்தான் பார்த்தாள். அவன் வெளிச்சம் போதாது என்று சொல்லி இன்னொரு படம் எடுத்தான். பிறகு அவள் படத்தைப் பார்த்தாள். கோணலாக ஒரு பள்ளம், நீளத் தையல். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

ஆறு கிழமைக்குக் கதிரையிலோ நிலத்திலோ இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேனின் பின் ஆசனத்தை விரித்து மெத்தை போட்டு, வலதுபக்கம் சரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான் றிஸ்மி. முன்னால் இருந்துகொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் சாரதியிடம் மெதுவாக என்றான். மதினி கேட்டால் என்ன சொல்வது என்று இருவரும் கதைத்து முடிக்கவில்லை. அம்பாறை தாண்டியதும் காற்றில் சேற்று மணம் வந்தது. யன்னலின் மேல்பாதி மட்டுமே அவளுக்குத் தெரிந்தது. மின்கம்பிகள், தென்னை உச்சிகள், கூட்டமாகத் திரும்பும் கொக்குகள், ஒரு பள்ளிவாசல் மினாராவின் நுனி.

"எங்க வந்திட்டம் தெரியுதா?" என்றான் றிஸ்மி திரும்பாமல்.

அவள் கண்ணை மூடினாள். வேன் சில்லுகளின் சத்தம் மாறியது. கீழே தண்ணீர் இருப்பது தெரிந்தது.

"மாவடிப்பள்ளிப் பாலம். ஊருக்குக் கிட்ட வந்திட்டம்" என்றாள்.

"ஓம்" என்றான் அவன். கண்ணைத் திறந்தபோது யன்னல் நிறைய வானம் மட்டும் இருந்தது, ஒரு மரம்கூட இல்லாமல்.