பானட்டில் இரண்டாவது பூச்சு

"இந்த வண்டி மேல ஒரு கீறல்கூட விழுந்ததில்ல சார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், மதிப்புப் போட வந்தவர் பானட்டைத் திறந்துவிட்டார்.

அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஆறு வருடமாக அந்த வெள்ளைக் கார்தான் அவளுக்குக் கால். ஒரு நாளைக்கு எட்டு வீடு. கட்டு மாற்ற, ஊசி போட, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்க. கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் கெட்டுப் போனதால், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறலாம் என்று முடிவு செய்திருந்தாள். பழையதை எடுத்துக்கொள்ளும் கம்பெனி அனுப்பிய ஆள்தான் இவர். ஒல்லியானவர், அளந்து பேசுகிறவர். தீப்பெட்டி அளவுள்ள ஒரு மீட்டரைக் கதவுகளில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று காட்டிக்கொண்டே வந்த மீட்டர், பானட்டின் இடது மூலையில் முந்நூற்று நாற்பதுக்குத் தாவியது.

"பெயிண்ட் கனம் மேடம். இங்க மட்டும் மூணு மடங்கு. திரும்ப அடிச்சிருக்காங்க."

"சான்ஸே இல்ல. உங்க மெஷின்ல கோளாறா இருக்கும்."

அவர் வாதாடவில்லை. பானட்டைப் பிடித்திருந்த போல்ட்டை டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பேனர் பட்ட விளிம்பில் பெயிண்ட் உரிந்திருந்தது. பிறகு ஹெட்லைட்டுகளைக் காட்டினார். ஒன்று மங்கல், மற்றது பளிச்சென்று புதுசு. ஆறு வருடமாகத் தினமும் பார்க்கும் முகத்தில் ஒரு கண் வேறாக இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அடி சின்னதாத்தான் இருக்கும். ஆனா அதச் சொல்ல பேப்பர் இல்லையே? தெரியாத அடிக்குத்தான் மார்க்கெட்ல பயம். உள்ள சேஸிஸே வளைஞ்சிருக்கோன்னு நினைப்பாங்க. நீங்க வேற அடியே படலைன்னு அடிச்சுச் சொல்றீங்க."

ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஒரு விலை சொன்னார். சாயங்காலம் ஆறு மணி வரை அந்த விலை நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பொய்க்காரியைப் பார்ப்பது போல அவர் பார்த்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பாவம் பார்ப்பது போலப் பார்த்ததுதான் அவளைக் குடைந்தது.

அன்று எந்த வீட்டிலும் அவள் மனம் நிலைகொள்ளவில்லை. முதல் வீட்டில் கட்டைப் போட்டு, பிரித்து, மறுபடி போட்டாள். இரண்டாவது வீட்டில் கையுறைப் பெட்டியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கி அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். யார்? கணவருக்கு ஓட்டத் தெரியாது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், பஸ்ஸில் போய் வருகிறவர்; கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்தான் அவருக்கு. மிச்சம் இருப்பது தங்கை. போன வருடம் இவள் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனபோது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதே அவளிடம்தான்.

நான்காவது வீட்டு வாசலிலேயே போன் போட்டாள். தங்கை அழகு நிலையம் நடத்துகிறவள். பின்னால் டிரையர் இரைந்துகொண்டிருந்தது.

"போன வருஷம் வண்டிய எங்க இடிச்ச?"

"என்னக்கா, எடுத்த எடுப்புல இப்படிக் கேக்கற? நான் இடிக்கல."

"பின்ன பெயிண்ட் தானா அடிச்சுக்கிச்சா? உடைக்கறதும் மறைக்கறதும் உனக்கு என்ன புதுசா?"

டிரையர் நின்றது.

"கஸ்டமர் தலையில சாயம் ஊறிட்டு இருக்கு. வைக்கறேன்."

நாலரை மணிக்குக் கணவர் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு ஷூவைக் கழற்றுவதற்குள் அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மீட்டர், போல்ட், ஹெட்லைட், தங்கையின் கல்லுளிமங்கத்தனம். அவர் மற்ற ஷூவைக் கழற்றவே இல்லை.

"அவ இல்ல. நான்தான்."

"நீங்களா? உங்களுக்குத்தான் ஓட்டவே தெரியாதே!"

"தெரியாததாலதான் இடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். அவளுக்குக் குடல்வால் வெடித்த அன்று, வண்டி கீழேயே நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. அவர் டாக்ஸிக்காகத் தெருவில் நாற்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவள் மாடிப்படியில் மயங்கிக் கிடந்தாள். இனி அப்படி நிற்கக் கூடாது என்று, அவள் பயிற்சிக்குப் போன சமயத்தில், பள்ளி வேன் டிரைவரிடம் காலையில் மைதானத்தில் ஓட்டப் பழகினார். நான்காம் நாள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார்.

"கோல்போஸ்ட்ல போய் மோதிச்சு. பக்கத்துல ஒரு பையன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தான். ரெண்டடி தள்ளி..." அவர் நிறுத்தினார். "நீ சிரிச்சிருந்தா தாங்கியிருப்பேன். அந்தப் பையனப் பத்திச் சொல்ல வாய் வரல. அப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொடவே இல்ல."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டது இவ்வளவுதான்: "பில் வச்சிருக்கீங்களா?"

கணக்கு வாத்தியார் பில்லைத் தூக்கிப் போடுவாரா? லாகரிதம் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். பம்பர், இடது ஹெட்லைட், பானட். அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் எடுத்த போட்டோக்களும் அவர் போனில் இருந்தன; உள்ளே எதுவும் நசுங்கவில்லை. அனைத்தையும் அனுப்பிய பத்தாவது நிமிடம் மதிப்பீட்டாளர் கூப்பிட்டார். குறைத்ததில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

"பாதிதானா?"

"பேப்பர் இருந்தா பயம் போகும் மேடம். அடி போகாதே."

அவள் சரி என்றாள். வைத்த கையோடு தங்கைக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று முறை போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தங்கை கடையில் தனியாக, தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உன் மாமாதான் இடிச்சாராம்" என்றாள் இவள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ தந்த சாவிய மாமா வந்து வாங்கிட்டுப் போயிருந்தாரு. அப்புறம் நான் வண்டி கேட்டு உன் வீட்டுக்கு வந்தப்ப அது ஒர்க்‌ஷாப்ல கிடந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாரு. அவர் நின்ன நிலையப் பாத்தேன். சொல்லலன்னேன்."

"காலையில நான் அவ்வளவு பேசறப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டது பரவால்லக்கா. பதில் கேக்காமலே முடிவு பண்ணிட்ட பாரு, அதான்."

"தப்புதான். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள் இவள். குரல் அவளுக்கே கேட்டதா என்பது சந்தேகம்.

தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அக்காவின் தலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன முடி இது, வைக்கோல் மாதிரி. உக்காரு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள், தேவையைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே.