பானட்டில் இரண்டு துளைகள்

விவாகரத்தில் வாண்டா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீடு கணவன் லைலுக்கு அவன் அம்மா எழுதி வைத்தது. அது அவளுக்கு வேண்டாம். "அந்தக் கார் மட்டும் போதும்" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த லைல் வெளிறிப்போய் தன் வக்கீலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கோர்ட்டுக்கு வந்ததற்கு அந்த ஒரு காட்சியே போதும் என்றிருந்தது அவளுக்கு.

பழைய மாடல் கமேரோ கார், கரும்பச்சை. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. ஓஹையோ முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பானட் கிடைக்காது என்பான் லைல். ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்லிய துணியால் அதைத் துடைப்பான், பிறந்த குழந்தையைத் துடைக்கிற மாதிரி. அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டாள் என்று ஒரு தடவை அவளோடு வாரக்கணக்கில் பேசவில்லை. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு ஜனவரிக் காலை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். தினமும் ஓட்டுகிற பிக்கப் வண்டி குளிரில் உறைந்து கிளம்ப மறுத்தது. கமேரோ சாவியைக் கேட்டாள்.

"ரோட்ல பனி உருக உப்பு கொட்டியிருக்காங்க, வாண்டா. அது அடியில ஏறுனா துரு பிடிச்சிரும்" என்றான் லைல். "பக்கத்து வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

கார் கைக்கு வந்ததும் வாண்டா அதை நேரே மில் க்ரீக் நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போனாள். முதல் ஓட்டத்திலேயே வேகம் ஏற ஏற பானட்டின் முன்பக்கம் படபடவென்று அடித்தது. பழைய கொண்டி தளர்ந்திருந்தது. நல்லவேளை, அடியிலிருந்த சின்னக் கொக்கி தாங்கிக்கொண்டது. வண்டிகளைச் சோதிக்கும் பர்டெட் ஓடி வந்தார்.

"பானட் பின் போடாம இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. அது எழும்பிக் கண்ணாடியில அடிச்சா உங்க தலை மிஞ்சாது."

"பின்னுன்னா? துளை போடணுமா?"

"ஆமா. பானட்டுல ரெண்டு துளை."

வாண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

உதிரி பாகக் கடைக்காரர் ஹாலிஸ் இரண்டு வகைகளை மேஜைமேல் பரப்பினார். ஒன்று பானட்டோடு சமமாகப் படிந்து உட்கார்வது, பார்க்க அழகு. இன்னொன்று பழைய மாதிரி. துளை வழியே தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் தலையில் ஒரு கிளிப். கிளிப் தொலையாமலிருக்க ஒரு கம்பிக் கயிறு.

"இதுல ஒரு தொல்லை இருக்கும்மா" என்றார். "கயிறு காத்துல ஆடி ஆடி பெயின்ட்டைச் சுரண்டிரும். லைல் இதைத் தொடக்கூட மாட்டான்."

"அப்ப அதையே குடுங்க."

ஊர் சின்னது. சனிக்கிழமை காலை அவள் வாடகை வீட்டுக் கராஜ் முன்னால் லைலின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் போர்வை சுற்றிய ஒரு ஃபைபர் பானட்.

"புதுசு. எடையும் கம்மி, பந்தயத்துக்கு நல்லது" என்றான் மூச்சிரைக்க. "பின்னை இதுல போட்டுக்கோ. அந்தப் பழசை எனக்குக் குடுத்துரு."

"எனக்குப் பழசுதான் பிடிச்சிருக்கு."

இன்ஜினுக்கு முன்னாலிருந்த குறுக்குச் சட்டத்தில் தண்டுகளை முன்பே பொருத்தி, முனையில் கிரீஸ் தடவி, பானட்டை மெல்ல இறக்கி அடியில் அடையாளம் எடுத்திருந்தாள். அளந்து மேலேயும் புள்ளி வைத்தாயிற்று. டிரில்லைக் கையில் எடுத்தாள்.

"டேப் ஒட்டலையா?" லைல் அலறினான். "டிரில் பிட் வழுக்கும். பெயின்ட் கிழிஞ்சிரும்!"

"வழுக்கட்டுமே."

"புள்ளியை விட்டுத் தள்ளி வைக்கிறே! கோணலா வரும்!"

"வந்தா பெரிசாக்கிக்கலாம்."

ஒரு வாரமாகப் பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒன்றில் துளை போட்டுப் பழகியிருந்தாள், ஒன்றுகூடக் கோணியதில்லை. அது அவனுக்குத் தெரியாது. அவன் விரல்கள் தவிப்பதை அவள் பார்த்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"அப்ப நீயே போடு" என்று டிரில்லை நீட்டினாள்.

"என்னால முடியாது."

"சரி." அவள் விசையை அழுத்தினாள். சுழலும் முனை பெயின்ட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"நிறுத்து! குடு இப்படி!"

லைல் டேப் ஒட்டினான். புள்ளியில் ஆணி வைத்து ஒரு தட்டுத் தட்டினான். முதலில் சின்ன பிட், அப்புறம் பெரியது. பச்சைத் தகடு சுருள் சுருளாக எழுந்தது. பெயின்ட் கருகும் வாசனை வந்தது. வாண்டா சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றாள். துளையை அவள் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். பிட் மறுபக்கம் இறங்கியபோது, பல்லைப் பிடுங்கினாற்போல் அவனிடமிருந்து ஒரு முனகல் வந்தது. டிரில்லை வைத்துவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, லைல்."

"உனக்கு இன்னும் திருப்தி வரலையா?"

"இல்ல. போடு."

போட்டான். வெட்டிய ஓரங்களில் துரு ஏறாமல் பெயின்ட் தொட்டு வைத்தான், துளைகளைச் சுற்றி வட்டத் தகடுகளை முடுக்கினான், உதிர்ந்த தூளைத் தன் சட்டையாலேயே துடைத்தான். பிறகு தலை நிமிராமல், "வாண்டா, அன்னைக்கு உங்கப்பா விஷயத்துல நான்..." என்று ஆரம்பித்தான்.

வாண்டா பானட்டை ஓங்கிச் சாத்தினாள். தண்டுகள் இரண்டும் துளை வழியே தலை நீட்டின. கிளிப்புகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். அந்தப் பேச்சை அவன் முடிக்கக் கூடாது. முடித்து மனம் லேசாகி வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

"நேரா போட்டிருக்கே" என்றாள். "கிளம்பு. உன் பானட்டையும் எடுத்துட்டுப் போ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் குழாயைத் திறந்து கைகழுவ ஆரம்பித்துவிட்டாள். பிக்கப் போகிற சத்தம் கேட்கும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை.

மறுநாள் மில் க்ரீக்கில் பர்டெட் பானட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நல்ல வேலை. யார் போட்டது?"

"என் பழைய புருஷன்."

"பிரிஞ்ச பிறகும் வந்து செஞ்சு குடுத்தாரா? நல்ல மனுஷன்போல."

"வண்டிங்களுக்கு நல்லவன்" என்றாள் வாண்டா, ஹெல்மெட்டை மாட்டியபடி.

முதல் சுற்றுப் போட்டியிலேயே ஒரு பல் டாக்டரின் பிக்கப்பிடம் தோற்றுப்போனாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தடத்தின் கடைசியில் வேகம் குறைந்தபோது, கண்ணாடிகள் ஏற்றியிருந்த காருக்குள் தனியாக, தொண்டை வலிக்கும்வரை கத்தினாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு, அடுத்த வாரத்துக்குப் பேர் கொடுக்கப் போனாள்.