ஆடம் எடுத்துக் கொடுத்த வரி

எங்கள் போதகர் நினியன் மெக்லூரின் வாயை யாராவது தைத்திருந்தால் என் கணவர் ஆடமின் விரல்கள் பிழைத்திருக்கும். கிறிஸ்துவின் சபைக்குத் தானே தலைவன் என்று ராஜா சொன்னால், அவனை எதிர்த்துக் கத்தி எடுப்பதுதான் கர்த்தருக்குக் கீழ்ப்படிதல் என்று எங்கள் காலோவே மலைவெளியில் மழையில் நின்று பிரசங்கித்தவர் அவர். 'ராஜா வாழ்க' என்பது கர்த்தரை மறுதலிப்பது என்றவரும் அவரே. ராஜாவின் குதிரைப்படை வந்ததும் ஒளிந்துகொண்டது மட்டும் என் கொல்லையில், அடுப்புக்கு வெட்டி அடுக்கிய கரிமண் கட்டிகளுக்குப் பின்னால்.

படைத்தலைவன் ஆடமைச் சுவரோடு நிறுத்தினான். எரியும் திரியை விரல்களுக்கு நடுவே செருகினார்கள். சதை பொசுங்கியது.

"போதகன் எங்கடா?"

ஆடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே அடித்தார்கள். பல் தெறித்தது.

"சரி, அவன் கெடக்கட்டும். 'ராஜா வாழ்க'ன்னு சொல்லு, விட்டுடறேன்."

"யோவ், சொல்லித் தொலைய்யா!" என்று கத்தினேன். "வாய் வார்த்தைதானே? பிள்ளைங்க மூஞ்சியப் பாருய்யா!"

"சும்மா இரு எல்ஸ்பெத். ஐயா சொன்னது மறந்துபோச்சா?"

"உங்க ஐயா தலையில இடி விழ!"

துப்பாக்கிகள் உயர்ந்தன. ஆடம் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் பாடிக்கொள்ள அனுமதி கேட்டார். எங்கள் ஆராதனையில் அவர்தான் வரி எடுத்துக் கொடுப்பவர். அவர் ஒரு வரி பாடினால் சபை அதைத் திருப்பிப் பாடும். ரத்தம் ஒழுக ஒழுக முதல் வரியைப் பாடி நிறுத்தினார். திருப்பிப் பாட நான்தான் இருந்தேன். வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கரிமண் கட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் அந்த வரியைத் திருப்பிப் பாடியது.

பாவி மனுஷர்! ஆடம் எடுத்துக் கொடுத்த வரியைத் திருப்பிப் பாடாமல் ஒருநாளும் விட்டறியாத வாய், உயிருக்குப் பயந்து ஒளிந்த இடத்திலும் தானாகத் திறந்துகொண்டது.

போதகரை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் தலையைத் தூக்கினார்.

"அவனுக்குப் பதிலா நான் சொல்றேன். அவன விட்டுடு."

"ஐயா, வேணாம்யா!" ஆடம் அலறினார். "உங்க ஆத்துமா போயிடும்யா!"

"போனா போகட்டும்டா."

"ராஜா வாழ்க!" என்றார் போதகர், மலைவெளியில் பிரசங்கிக்கும் அதே குரலில்.

படைத்தலைவன் சிரித்தான். ஆடமை உதைத்து ஓரம் தள்ளிவிட்டு, போதகரின் முகத்தில் சுட்டான். சுவரை நான்தான் கழுவினேன்.

ஆடமுக்கு இப்போது விரல்கள் மடங்காது, நான்தான் ஊட்டுகிறேன். போதகரைப் புதைத்த பக்கமே அவர் போவதில்லை. நேற்று சாப்பிடும்போது, "கடைசியில கர்த்தரக் காட்டிக்குடுத்துட்டானே துரோகி" என்றார்.

கஞ்சிக் கரண்டியை விசிறி எறிந்தேன்.

"அந்தத் துரோகி வாங்கிக் குடுத்த உசுருதானய்யா இது? இதுக்குக் கஞ்சி ஒரு கேடா?"

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழட்டும் என்று விட்டேன். பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து ஊட்டினேன்.