குளுகுளு வார்ம் பேடு

பகலெல்லாம் துபாய் ஜெபல் அலி குடோன்களைக் குளிரவைப்பது ஏசி மெக்கானிக் கிறிஸ்துதாஸின் டியூட்டி. கேம்புக்குத் திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்து, ஒரு சத்தத்தைச் சூடாக்க உட்கார்ந்துவிடுவான். மூன்று வாரமாக இதே கூத்துதான்.

காரணம், குளச்சல்காரி ஷிஜி. அங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். வெள்ளிக்கிழமைச் சபையில் அவள் பாடுவாள், இவன் பின்னால் கீபோர்டு வாசிப்பான். போன மாதம் அவள் திரும்பிப் பார்த்து, "பிரதர், உங்க சத்தம் காதுல ஊசி குத்துன மாதிரி இருக்கு," என்றாள். அதை ஒரு நர்ஸ் வாயால் கேட்கவேண்டுமா! சபை ஆண்டுவிழாவுக்குள் சரியாகவில்லை என்றால் இன்பமணியின் கிட்டாருக்குப் பாடிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். இன்பமணி நல்லவன்தான், அந்தச் சுருட்டை முடிதான் இவன் தூக்கத்தைக் கெடுத்தது. அவளுக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலி போய்விட்டால் கிறிஸ்துதாஸுக்கு வெள்ளிக்கிழமையே கிடையாது. சபையில் யார் 'பிரதர்' என்றாலும் அவனுக்கு உறுத்தாது. அவள் சொன்னால் மட்டும் உறுத்தும்.

இன்டர்நெட்டில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினார்கள்: வார்ம் பேடு. பாட்டுக்கு அடியில் மெத்தை விரித்ததுபோலக் கிடக்கும் சத்தமாம், வெதுவெதுப்பாக இருக்கவேண்டுமாம். சரியென்று சாஃப்ட்வேரில் ஒரே சுரத்தை இரண்டாக வைத்து, ஒன்றை மயிரிழை விலக்கினான்; இரண்டும் உரசி மெல்ல அலையடித்தன. ஃபில்டரைத் திருகிக் கூர்மையை மழுக்கினான். கட்டையை அமுக்கியதும் சத்தம் குதிக்காமல் மெதுவாக எழும்பவும், கையை எடுத்த பிறகும் போக மனமில்லாமல் நிற்கவும் வைத்தான். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு பெயரும் நம்பரும் போட்டுச் சேமித்தான். பெயரை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ரூமில் கூட இருக்கும் பரமக்குடிக்காரர் பாண்டித்துரை, பதினாறாவதைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். பதினேழாவதுக்குச் சாப்பிட மறந்து, சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலை ஒத்திகையில் பதினேழாவதைப் போட்டு ஹெட்போனை ஷிஜியிடம் கொடுத்தான். கண்ணை மூடிக் கேட்டாள். "குளுகுளுன்னு இருக்கு பிரதர்," என்றாள். அதற்குள் கிளினிக் வேன் ஹாரன் அடிக்க, ஓடிவிட்டாள்.

கிறிஸ்துதாஸுக்குத் தலையில் இடி விழுந்தது. வெதுவெதுப்புக்காக மூன்று வாரம் மாரடித்தவனிடம் குளுகுளுவாம்! அந்த மடையன் அன்றே பதினெட்டாவதைச் செய்தான். ஃபில்டரை அகலத் திறந்து, கரகரப்பை அள்ளிப் போட்டு, சத்தம் கொதிக்கும்வரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா. ஷிஜி வாயைத் திறக்க, இவன் கட்டையை அமுக்கினான். லாரி மேடேறுவதுபோல ஓர் உறுமல் வந்தது. போதகர் கண்ணைத் திறந்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. இன்பமணி கிட்டாரைக் கையில் எடுத்தேவிட்டான்.

ஷிஜி மைக்கைப் பொத்திக்கொண்டு கீபோர்டு பக்கம் வந்தாள். "நேத்து உள்ளத என்ன செஞ்சிய?"

"நீங்கதான குளிருதுன்னு சொன்னிய. அதான் சூடாக்குனேன்."

"மனசு குளுந்துல்லா சொன்னேன் பிரதர்! குளிர்ச்சி நல்லதுன்னு ஏசி மெக்கானிக்குக்குச் சொல்லியா குடுக்கணும்?"

பழையதைத் தேடி அவசரமாக லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தான். திறந்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. ஷிஜி 1, ஷிஜி 2, ஷிஜி 3 என்று தொடங்கி ஷிஜி 18 வரை திரை முழுக்க அவள்தான். மறைக்க இரண்டு கை போதவில்லை. ஏசி ஹாலில் அவனுக்கு வேர்த்து ஊற்றியது. அவள் குனிந்து, மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் படித்தாள். போதகர் தொண்டையைச் செருமியும் நிமிரவில்லை.

பிறகு பதினேழின்மேல் விரலை வைத்தாள். "இவதான். இனி பத்தொம்பது, இருவதுன்னு போகாண்டாம், தாஸ்."

மைக்குக்குத் திரும்பிப் பாடத் தொடங்கினாள். அவள் குரலுக்கு அடியில் பதினேழு மெல்ல எழும்பியது. அவள் 'பிரதர்' சொல்லவில்லை என்பது இரண்டாவது சரணத்தில்தான் கிறிஸ்துதாஸுக்கு உறைத்தது. அதற்கப்புறம் எந்தக் கட்டையை அமுக்கினான் என்று அவனுக்கே தெரியாது. இன்பமணி கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான்.