நான்கு விரல் ஆயுதம்

சிறைச்சாலையின் மூன்றாம் கூடத்தில், நாட்டின் அமைதியையே குலைக்கவல்ல பயங்கர ஆயுதம் ஒன்று கைப்பற்றப்பட்ட செய்தியைச் சகலரும் அறியக் கடவர். நீளம் நான்கு விரல். கனம் ஒரு விரல். பட்டறையில் கழித்துப் போட்ட மரத்துண்டு.

அதைக் கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தவர், கட்டில் ஆடினால் தூக்கம் வராத தச்சர். குற்றம் உறுதியானால் மூன்று மாதத்துக்கு அவரைப் பார்க்க யாரும் வர முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. பேத்தியை அவர் இன்னும் பார்த்ததில்லை.

விசாரணை அறையில் கண்காணிப்பாளர் நடுநாயகமாக வீற்றிருந்தார்; எதிரே தச்சர் நின்றார். எழுத்தர் முதல் வரியைத் தொடங்கியதுமே மேசை ஒரு குலுங்கு குலுங்கியது. பேனா கோடு இழுத்துக்கொண்டு ஓடியது.

“என்னய்யா இது, கப்பல்லயா உக்காந்திருக்கோம்? எதையாவது முட்டுக் குடுங்கய்யா!” என்றார் கண்காணிப்பாளர்.

வார்டர் பதறிப்போய், கையிலிருந்த சாட்சிப் பொருள் உறையைப் பிரித்து, அகப்பட்டதை எடுத்து மேசைக் காலடியில் செருகினார். மேசை மலைபோல் நின்றது. தன் கட்டையைத் தச்சருக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டார்.

குற்றப்பத்திரிகை அரைமணி நேரம் வாசிக்கப்பட்டது. ‘கூராக்கினால் உயிரைக் குடிக்கும்’ என்ற இடத்தில் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்கய்யா அந்த ஆயுதம்? குடு இங்க.”

வார்டர் உறைக்குள் கையை விட்டார். முகம் வெளிறியது. பார்வை மேசைக் காலுக்குப் போய், அங்கே நிற்கப் பயந்து கூரைக்கு ஏறியது.

“உறைல இல்லீங்க சார்.” அது சத்தியம்.

“நீ பாத்தியாய்யா?” என்று தச்சர் பக்கம் திரும்பினார் கண்காணிப்பாளர்.

“என்கிட்ட இருந்து பறிச்சதுக்கு ரசீதா குடுத்தாங்க, அது எங்க இருக்குன்னு நான் சொல்ல?” என்றார் தச்சர்.

“சாட்சிப் பொருள் இல்லாம தண்டனை குடுக்க முடியாது. தள்ளுபடி!”

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்போ ஞாயித்துக்கிழமை என் மக…”

எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். “சார், சாட்சிப் பொருள் காணாமப் போனா அதுக்குத் தனி விசாரணை. அது முடியறவரைக்கும் இந்த ஆளைப் பாக்க யாரும் வரக்கூடாது. விதி அப்படி.”

தச்சர் மேசைக் காலைப் பார்த்தார். காட்டிக்கொடுத்தால் மூன்று மாதம். நாக்கை மடக்கிக்கொண்டார்.

எழுத்தர் ஆணையை முத்து முத்தாக எழுதினார். கண்காணிப்பாளர் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மேசை இம்மியும் அசையவில்லை.

அடுத்த விசாரணை, ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை.