சாயங்கால மாத்திரை

உற்றார், உறவினர், வாடிக்கையாளர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ரொட்டிக்கடை அக்காவின் இறுதி நிகழ்வில், பெரிய மாமாவின் இரங்கலுரை தன் உச்சத்தைத் தொட்ட அந்த மகத்தான நொடியில், இறந்தவளின் ஒரே தம்பி எழுந்து கழிப்பறைக்குப் போனான்.

காலையிலிருந்து அது எத்தனையாவது தடவை என்று சித்தி கணக்கு வைத்திருந்தாள். மனநிலை தடுமாறாமலிருக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவனுக்குத் தாகம் அடங்காது, குடித்த தண்ணீரும் உள்ளே தங்காது. இதைச் சித்திக்கு விளக்க வேண்டியவள் பூக்களுக்கு நடுவே கண்மூடிப் படுத்திருந்தாள். முந்தின நாள் காலை, கடையில், "கொஞ்சம் உட்கார்றேன்டா" என்று மைதா மூட்டைமேல் உட்கார்ந்தவள்தான். எழுந்திருக்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோதும் மாமா நின்றுகொண்டிருந்தார். வணிகர் நலச் சங்கத் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதாகவே பாவித்துப் பேசுவார்.

"தம்பிக்காகத் தன்னையே உருக்கிக்கொண்டு, மணவாழ்வையே துறந்த தியாகச் சுடர்..."

தியாகச் சுடர் கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். "துறந்தேனாம்! பொண்ணு பாக்க வந்தவங்க அத்தனை பேரும் பிஸ்கட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. என்னைப் பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கல" என்பாள்.

தம்பி முன்வரிசையில் உட்கார்ந்து அழுகைக்காகக் காத்திருந்தான். வராத பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல. துக்கம் உள்ளே இருந்தது, அதில் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டில் யாரோ விம்முவது சுவர் வழியாகக் கேட்குமே, அந்த மாதிரி. சுவரைத் தாண்டிப் போய் அந்த ஆளோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளத்தான் வழியில்லை.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான் பாருங்க." சித்தி ரகசியம் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும்.

"சும்மா இரு. அவங்க அப்பா போனப்ப என்ன பண்ணான்னு மறந்துட்டியா?" என்றார் சித்தப்பா.

யாரும் மறக்கவில்லை. அப்பா இறந்த அன்று அவன் மாத்திரையை நிறுத்தினான். சில நாளில் அழுகை வந்தது. அழுகைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. தூங்காமல் கேக் செய்து தெருத்தெருவாகக் கொடுத்தான். ஒவ்வொன்றின்மேலும் அப்பாவின் முகம், கிரீமில். முகங்கள் அச்சு அசலாக இருந்தன என்பதுதான் கொடுமை. அப்பா அவனிடம் பேசினார், அவனும் பதில் சொன்னான். கடைசியில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றவனை அக்காதான் காலைக் கட்டிப்பிடித்து உள்பக்கம் இழுத்துத் தள்ளினாள். விழுந்ததில் அவளுக்குத் தோள் எலும்பு விரிசல் விட்டது. வலியோடு வலியாக, "அடுப்பையாவது அணைச்சுட்டு ஏறக் கூடாதாடா?" என்றாள்.

மறுபடி மாத்திரை. கூடவே கை நடுக்கம். கேக்கில் எழுதிய பெயர்கள் புழுவாக நெளிந்தன. அக்கா கிரீம் பையைப் பிடுங்கிக்கொண்டு அவனை மாவு பிசைய விட்டாள். "உன் கை ஆடுறது மாவுக்குத் தெரியாதுடா. பிசைஞ்ச மாதிரியும் ஆச்சு." அவனுக்கு உடம்பு பருத்தபோது பெரிய சட்டையாக வாங்கி, கழுத்துப்பட்டியில் அளவு போட்டிருந்த துணித்துண்டைக் கத்தரித்துவிட்டே கொடுத்தாள். கை நடுங்கிச் சிந்தாமலிருக்க டீயை அரை டம்ளர் அரை டம்ளராக இரண்டு தடவை ஊற்றினாள். அவனுக்கு மட்டும் அப்படி ஊற்றினால் நாலு பேர் கவனிப்பார்கள் என்று தானும் அப்படியே குடித்தாள்.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவனைக் காப்பாற்றும் பணி தொடங்கியது.

முதலில் மாமா. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கூப்பிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்தார். "சாயங்கால மாத்திரை. முழுங்கு. இனிமே உனக்கு நான் இருக்கேன்."

அவன் கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீர் குடித்தான். மாத்திரை சட்டைப் பைக்குப் போனது. அடுத்து வந்த சித்தியிடம் அது இன்னும் சுலபமாக இருந்தது. "மாமாகிட்ட சொல்லிக்காதப்பா. அவருக்கு எல்லாத்துலயும் தன் பேரு வரணும்" என்று அவள் இன்னொன்றை நீட்டினாள். டம்ளர் நிறையத் தண்ணீர். பாதி அவன் சட்டையில் கொட்டியது. "பாவம்" என்றாள். சித்தப்பா மாடிப்படியில் மடக்கினார். "போட்டியா, இல்லையா? எங்கிட்ட மறைக்காத. இந்தா."

மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்சம் அதிகமானாலே விஷமாகிற மாத்திரை அது. இன்னும் இரண்டு பேருக்குப் பாசம் பொங்கியிருந்தால் மாமா அடுத்த இரங்கலுரைக்குத் தயாராக வேண்டியிருந்திருக்கும்.

ஆக, பையில் மூன்று மாத்திரை. வயிற்றில் ஒன்றுமில்லை. அவன் போட்டுவிட்டான் என்று வீடே நிம்மதியாக இருந்தது. போடாமல் விட்டால் இனி கண்டுபிடிக்க ஆள் கிடையாது.

மாத்திரையை விட்டாலும் இன்றே அழுகை வந்துவிடாது. அது அவனுக்குத் தெரியும். நாலைந்து நாள் பிடிக்கும். பிறகு வரும். அதன் பின்னாலேயே அக்காவும் வருவாள். கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேலி பேசுவாள். அவள் முகத்தைக் கிரீமில் இழைத்துவிடலாம், மேலுதட்டு மச்சம் உட்பட, நடுங்காத கையால். அதற்கப்புறம் மொட்டைமாடி. இந்தத் தடவை காலைப் பிடிக்க ஆளில்லாத மொட்டைமாடி.

"கடையைப் பாத்துட்டு வரேன் மாமா."

"சீக்கிரம் வா. அது சரி, நான் பேசினது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"ஒரு இடத்துல எனக்கே தொண்டை அடைச்சுது. கவனிச்சியா?"

அந்த இடத்தில்தான் அவன் கழிப்பறையில் இருந்தான். "கவனிச்சேன் மாமா" என்றான்.

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனான். மாலை வெயிலும் அவனோடு முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்தது. முந்தின நாளிலிருந்து யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. மேடைமேல் பெரிய தொட்டி. அன்று அவள்தான் பிசைந்திருந்தாள். ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மாவு தன்பாட்டுக்குப் பொங்கி, துணியைத் தூக்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து, பிறகு அமுங்கிப்போயிருந்தது. துணி காய்ந்து ஒட்டியிருந்தது. உரித்தெடுத்தான்.

வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டான். சில்லென்றிருந்தது. வெளியே எடுக்கப் பார்த்தபோது மாவு விரல்களோடு நீண்டு வந்தது, விடவில்லை. அப்படியே நின்றான்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக்கால்கள். "ரொட்டி இருக்கா?"

"இல்லைங்க."

"அக்கா இல்லையா?"

அவன் பதில் சொல்வதற்குள் கால்கள் போய்விட்டன.

இடது கையால் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். நாக்கில் எப்போதும்போல இரும்பு ருசி.

மாவு புளித்து நாறியது. வழித்தெடுத்துக் குப்பையில் போட்டான்.